பேராசிரியர் சொல்லாத பதில்

கூட்டத்துக்கு முதல் நாளே ஜெசிதாவுக்குக் கோபம் வந்துவிட்டது. யாழ்ப்பாணம் வைத்தியசாலை வீதியில், ஒரு புடவைக் கடையின் மேல்மாடியில் இருந்தது பண்பாட்டு மன்றத்தின் அலுவலகம். மன்றத்தின் இணைப்பாளர் பிரகலாதன் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து விரலை மடக்கி மடக்கிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"கடலட்டைப் பண்ணைக் கேள்வி வேண்டாம். சீனாக் கடன் வேண்டாம். அங்கை அந்தக் காலத்திலை நடந்த பட்டினிக் கதையள் வேண்டவே வேண்டாம். ஆராவது எழும்பி உதுகளைக் கேட்டா, நீர் அதைப் பேராசிரியருக்குச் சொல்லத் தேவையில்லை. வேறை ஏதாவது நல்ல கேள்வியா மாத்திச் சொல்லும்."

"மாத்திச் சொல்லுறதெண்டா நான் என்னத்துக்கு, சேர்?"

"படிச்ச பிள்ளை நீர். விளங்கிக்கொள்ளும்."

சீனாவைப் பற்றி மூன்று பொதுப் பேச்சுகள் என்று நகரமெங்கும் சுவரொட்டி ஒட்டியிருந்தார்கள். முதல் சனிக்கிழமை வரலாறு, அடுத்தது பண்பாடு, கடைசி இன்றைய சமூகம். பெய்ஜிங்கிலிருந்து ஷென் என்ற பெண் பேராசிரியர் வந்து சீன மொழியில் பேசுவார். ஜெசிதா பக்கத்தில் நின்று தமிழில் சொல்ல வேண்டும். குடாநாட்டில் அந்த வேலைக்கு அவளை விட்டால் ஆள் இல்லை. குருநகர்க் கடற்கரையில் பிறந்தவள், சீன அரசின் புலமைப்பரிசில் கிடைத்து ஹெனான் மாகாணத்தில் நாலு வருடம் படித்துவிட்டு வந்து, இப்போது ஒரு ரியூட்டறியில் ஆங்கிலம் படிப்பிக்கிறாள். வந்த நாள்முதல் அவளோடு சீனம் கதைக்க ஒரு மனிதரும் இல்லை. குளிக்கும்போது தனக்குத்தானே கதைத்துக்கொள்வாள். தாய் லூர்த்தம்மா அதைக் கேட்டுப் பயந்து, பங்குத்தந்தையிடம் கொண்டுபோய்ச் செபிப்பிக்கட்டோ என்று ஒருமுறை கேட்டும் இருக்கிறாள்.

அந்த மொழியை ஒரு மேடையில் வாய் நிறையக் கதைக்கலாம் என்ற ஆசையில்தான் ஜெசிதா ஒப்புக்கொண்டாள். பட்டினிக் கதை வேண்டாம் என்று பிரகலாதன் சொன்னபோது அவளுக்கு ஜாவ் மாமியின் முகம் நினைவுக்கு வந்தது. ஹெனானில் அவள் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரி. கோப்பையில் ஒரு சோறு மிஞ்ச விடாத மனுசி. மிஞ்சினால் அதட்ட மாட்டாள், அழுவாள். ஜெசிதா படியிறங்கி வந்தாள்.

வீட்டில் தமையன் றொகான் வலையைத் தோளில் போட்டபடி வாசலில் நின்றான்.

"என்ன, சீனாக்காரிக்கு வாய் வாடகைக்குக் குடுக்கப் போறியாம்?"

"மொழிபெயர்க்கிறன் அண்ணை. நான் சொந்தமா ஒண்டும் கதைக்கிறேல்லை."

"அதைத்தான் சொன்னனான். நாங்கள் இறால் பிடிச்ச தரவைக் கடலிலை இண்டைக்குச் சீனாக் கொம்பனிக்காரர் கம்பு நட்டு வலை அடைச்சுக் கடலட்டை வளர்க்கிறாங்கள். படகு திருப்ப இடமில்லை. அவளிட்டைக் கேள், உது ஆற்றை கடல் எண்டு."

"அவா சரித்திரம் படிப்பிக்கிறவா. கம்பு நட அனுமதி குடுத்தது இஞ்சத்தை ஆக்கள். அவையைப் போய்க் கேளுங்கோ."

"நல்லா மொழிபெயர்க்கிறாய்," என்று சொல்லிவிட்டு அவன் போய்விட்டான். ஆனாலும் மறுநாள் மாலை மோட்டார் சைக்கிளில் அவளை ஏற்றிக்கொண்டு போனதும் அவன்தான். கூட்டம் நடந்த மண்டபத்தின் பின்கதவடியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

பேராசிரியர் ஷென் சின்ன உருவம், ஐம்பது வயது தாண்டியிருக்கும். மேடைக்கு ஏறுமுன் ஜெசிதாவின் கையைப் பிடித்து, "உன் உச்சரிப்பில் ஹெனான் மண் ஒட்டியிருக்கிறது. என் அம்மாவின் ஊர்" என்றார். ஜெசிதாவுக்கு அந்த நிமிடமே அவரைப் பிடித்துப்போயிற்று.

பேச்சும் நன்றாகத்தான் போனது. பழைய அரசுகளில் வரலாறு எழுதுவதற்கென்றே தனி அலுவலர்கள் இருந்ததை ஷென் சொன்னார். பிறகு ஒரு கதை சொன்னார். இரண்டாயிரத்து ஐந்நூறு வருடங்களுக்கு முன் ஒரு நாட்டில் அமைச்சன் அரசனைக் கொன்றுவிட்டான். வரலாற்று அலுவலன், "இன்ன அமைச்சன் தன் அரசனைக் கொன்றான்" என்று எழுதினான். அமைச்சன் அவனை வெட்டினான். அவனுடைய தம்பி வந்து அதையே எழுதினான். அவனையும் வெட்டினான். அடுத்த தம்பிக்கும் அதே கதிதான். கடைசித் தம்பி வந்து, ஓர் எழுத்தும் மாறாமல் அதையே எழுதினான். அமைச்சன் வாளைக் கீழே போட்டுவிட்டான்.

ஜெசிதா அதைத் தமிழில் சொல்லி முடித்தபோது மண்டபத்தில் ஒரு கதிரை அசையவில்லை. முன்வரிசையில் இருந்த பெண்ணொருத்தி சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். அவளுடைய வீட்டில் யார் இல்லாமல் போனார்களோ, ஜெசிதாவுக்குத் தெரியாது. அங்கே இருந்த எல்லோர் வீட்டிலும் யாரோ ஒருவர் இல்லாமல் போயிருந்தார். மொழிபெயர்ப்பதில் இப்படி ஒரு சந்தோசம் இருக்குமென்று அவள் நினைத்திருக்கவில்லை.

கேள்வி நேரம் வந்தது. ஒரு மாணவன் பெருஞ்சுவரைப் பற்றிக் கேட்டான். இன்னொருவர் தேயிலையைப் பற்றிக் கேட்டார். அப்போது நடுவரிசையிலிருந்து ஒரு முதியவர், முன்கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். மெலிந்த நெடிய மனிதர். வெள்ளை வேட்டி, மேற்பொத்தான் வரை பூட்டிய சேட்டு.

"நான் கரவெட்டிச் சீவரத்தினம். அறுபதுகளிலை சீனாப் பக்கம் நிண்ட கம்யூனிஸ்ட், பீக்கிங் கட்சிக்காரன். எல்லாச் சாதிக்கும் கோயில் கதவு திறக்கச் சொல்லி அடி வாங்கினவங்களிலை நானும் ஒருத்தன். எங்களுக்கு அப்ப சீனாவிலையிருந்து படம் போட்ட சஞ்சிகையள் வரும். அதிலை ஒரு படம். கதிர் விளைஞ்சு கிடக்கு, அதுக்கு மேலை பிள்ளையள் ஏறி நிக்குதுகள். அவ்வளவு நெருக்கமான விளைச்சலாம். அதை நான் வீடு வீடாக் கொண்டு திரிஞ்சு காட்டினனான். வயித்துக்கில்லாத சனத்துக்குக் காட்டினனான். இப்ப சொல்லுகினம், அந்தப் படம் எடுத்த கையோடைதான் அங்கை சனம் பட்டினியிலை கோடிக் கணக்கிலை செத்ததெண்டு. அம்மா, நீங்கள் சரித்திரம் படிச்சவா. வெட்ட வெட்ட எழுதினவங்களின்ரை கதையும் சொன்னியள். எனக்கு ஒரே ஒரு பதில் வேணும். அந்தப் படம் பொய்யோ?"

பிரகலாதன் மேடையின் ஓரத்திலிருந்து ஜெசிதாவைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார், தலையை ஆட்டினார், கடைசியில் கையாலும் காட்டினார். ஜெசிதா அவரைப் பார்த்துக்கொண்டே ஷென்னுக்குக் கேள்வியைச் சொன்னாள். கோயில் கதவையும் சொன்னாள். கதிரில் நின்ற பிள்ளைகளையும் சொன்னாள். ஒன்றையும் விடவில்லை.

ஷென் மண்டபத்தில் உயர்ந்திருந்த கைபேசிகளைப் பார்த்தார். பிறகு மைக்கை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு ஜெசிதாவின் பக்கம் சரிந்தார்.

"என் அம்மாவோடு பிறந்தவர்கள் ஐந்து பேர். அந்தக் குளிர்காலம் முடிந்தபோது அம்மா மட்டும்தான் இருந்தார். இது உனக்குச் சொல்வது, மண்டபத்துக்கு அல்ல. முன்னால் பார், எத்தனை கைபேசிகள். என் மகள் அங்கே இருக்கிறாள், என் வேலை அங்கே இருக்கிறது. தயவுசெய்து மொழிபெயர்க்காதே."

 என்ன சொல்லலாம் என்று ஜெசிதா யோசித்து முடிக்குமுன் பிரகலாதன் மற்ற மைக்கைக் கையில் எடுத்துவிட்டார்.

"பேராசிரியர் என்ன சொல்லுறா எண்டா, ஐயா, அந்தக் காலத்திலை அங்கை கொஞ்சம் மழை பிழைச்சது உண்மைதானாம். ஆனா கோடிக் கணக்கிலை செத்தது எண்டதெல்லாம் மேற்கு நாட்டுக்காரர் கட்டிவிட்ட கதையாம். நீங்கள் பார்த்த படம் உண்மையான படம்தானாம்."

இரண்டு மூன்று பேர் கை தட்டினார்கள். பிறகு மண்டபமே தட்டியது. சீவரத்தினம் அதே இடத்தில் நின்றார். அவருடைய தோள் மெல்லத் தளர்ந்தது. "அப்ப சரி. நல்லது அம்மா," என்று சொல்லி, ஷென்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

அந்தக் கும்பிடுதான் ஜெசிதாவை எரித்துவிட்டது. தன் முன்னால் இருந்த மைக்கை இழுத்து எடுத்தாள்.

"ஐயா, இருக்காதையுங்கோ. பேராசிரியர் அப்பிடிச் சொல்லேல்லை."

கைதட்டல் அறுந்தது.

"அவா என்ன சொன்னவா எண்டதை நான் சொல்ல மாட்டன். அது அவா எனக்குச் சொன்னது. ஆனா இப்ப உவர் சொன்னதிலை ஒரு சொல்லும் அவாவின்ரை வாயிலையிருந்து வரேல்லை. உவருக்குச் சீனத்திலை வணக்கம் சொல்லவும் தெரியாது."

மண்டபம் கொதித்தது. "அப்ப என்ன சொன்னவா?" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். "சொல்லும் பிள்ளை, மறையாதையும்!" என்றார் இன்னொருவர். பிரகலாதன் முகம் கறுத்து, "மொழிபெயர்ப்பாளருக்கு இண்டைக்குச் சுகமில்லை" என்று மைக்கில் அறிவித்தார். ஷென் ஜெசிதாவின் முழங்கையைத் தொட்டு, என்ன நடக்கிறது என்று கேட்டார். பிரகலாதன் அவர் பெயரில் சொன்ன பதிலை ஜெசிதா அப்படியே சீனத்தில் சொன்னாள்.

ஷென்னின் முகத்தில் முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு காதோரம் சிவந்தது. அவர் எழுந்து நின்று, மைக்கை வாங்கி, மண்டபத்தை நேரே பார்த்து இரண்டே வசனம் சொன்னார். ஜெசிதா அதைத் தமிழில் சொன்னாள்.

"இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லவில்லை என்றே இந்த ஐயாவுக்குச் சொல்லுங்கள்."

சீவரத்தினம் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கும்பிடாமல், வரிசைக்குள்ளால் விலகி வெளியே போய்விட்டார்.

முற்றத்தில் பிரகலாதன் ஜெசிதாவை மறித்தார்.

"என்ன வேலை பாத்தனீர் நீர்? எவ்வளவு பாடுபட்டு இந்தக் கூட்டத்தை ஒழுங்கு பண்ணினனான் தெரியுமோ?"

"நீங்கள் என்ன வேலை பாத்தனீங்கள்? எங்கடை சனம் எத்தினை பேர் செத்தது எண்டு கொழும்பிலை ஒருத்தன் குறைச்சுச் சொன்னா, அண்டைக்கே முகநூலிலை அவனைக் கிழிக்கிறியள். மே மாதம் சந்தியிலை கிடாரம் வைச்சு முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சிக் குடுக்கிறியள். கஞ்சிக்கு வரிசையிலை நிண்டு செத்த சனத்தை மறக்கக்கூடாதெண்டு மைக்கிலை அழுகிறியள். நானும் வந்து அந்தக் கஞ்சியைக் குடிச்சனான். அங்கை கஞ்சிக்கு நிண்டு செத்தது சனமில்லையோ?"

"அது வேறை, இது வேறை."

"என்ன வேறை?"

"எங்களுக்கெண்டு இந்த உலகத்திலை ஆர் இருக்கினம்? ஒரு பெரிய நாடு எங்கடை பக்கம் திரும்பிப் பாக்குது. அதின்ரை புண்ணை நோண்டிக்கொண்டோ இருக்கிறது? உம்மைப் படிப்பிச்சது ஆர்? இந்த வருசமும் பெடியள் பெட்டையள் அங்கை போக இருக்குதுகள். நாளைக்கு அந்தக் கதவு பூட்டினா, நீரே போய் அதுகளின்ரை தாய் தேப்பனுக்குச் சொல்லும்."

அது அவளுக்குப் பட்டது. அவருடைய பேச்சில் பாதி உண்மை என்பதே அவளுடைய கோபத்தை இன்னும் கூட்டியது.

"படிப்பிச்சவைக்கு நான் நன்றி சொல்லுவன். அதுக்காக ஒரு கிழவனை ஏமாத்த மாட்டன். அந்த மனுசிக்கு வாயிருந்தும் கதைக்கேலாது. அவாவின்ரை மௌனத்தையும் பறிச்செடுத்து அதுக்குள்ளை உங்கடை பொய்யை வைச்சியளே! வெக்கமா இல்லையோ?"

"இனி நீர் வரத் தேவையில்லை," என்று சொல்லிவிட்டுப் பிரகலாதன் உள்ளே போனார்.

திரும்பி வரும்போது றொகான் மோட்டார் சைக்கிளை மெதுவாக ஓட்டினான். "நல்லாக் குடுத்தாய்," என்றான். கொஞ்சத் தூரம் போனதும், "அவள் உன்னட்டை என்ன சொன்னவள்?" என்று கேட்டான்.

"சொல்ல மாட்டன்."

"எனக்குமோ?"

"ஆருக்கும்."

"அப்ப நீயும் அவையின்ரை ஆள்தான்."

"மோட்டார் சைக்கிளை நிப்பாட்டுங்கோ."

அவன் நிறுத்தினான். கடற்கரை வீதியில் இறங்கி அவள் தனியே நடந்தாள். கடல் வற்றிக் கிடந்தது. தூரத்தில் கடலட்டைப் பண்ணையின் கம்புகள் வரிசையாகத் தெரிந்தன. அவற்றைப் பார்க்கவும் அவளுக்கு எரிச்சல் வந்தது. எதைப் பார்த்தாலும் எரிச்சல் வந்தது.

அடுத்த நாள், மொழிபெயர்ப்பாளரின் சொந்தக் கருத்துக்கு மன்றம் பொறுப்பில்லை என்று முகநூலில் போட்டார்கள். அதன்கீழ் ஒருவர் அவளை அமெரிக்காவின் ஆள் என்றார். இன்னொருவர் சீனாவின் ஆள் என்றார். சீனாக்காரி உண்மையைச் சொல்லியும் இவள் மூடிவிட்டாள் என்று குருநகர்ச் சந்தியில் கதை அடிபட்டது. ரியூட்டறிக்காரர் கொஞ்ச நாள் வகுப்புக்கு வராமல் நிற்கச் சொன்னார். இரண்டாவது பேச்சை ஆங்கிலத்தில் வைத்து யாரோ தமிழில் வாசித்தார்களாம். ஓவியமும் தேயிலையும்தானாம். மூன்றாவது நடக்கவே இல்லை. ஷென் நாட்டுக்குத் திரும்பிப் போய்விட்டார். போகுமுன் ஜெசிதாவோடு ஒரு சொல் கதைக்கவில்லை. ஏன் கதைக்கவில்லை என்பது ஜெசிதாவுக்கு விளங்கியது. விளங்கினாலும் அவர்மீதும் கோபம் வந்தது.

ஒரு காலையில் அவள் பஸ் ஏறி நெல்லியடிக்குப் போனாள். பீக்கிங் கட்சிச் சீவரத்தினம் என்று கேட்டதும் ஓட்டோக்காரன் சிரித்துக்கொண்டு கரவெட்டியில் கொண்டுபோய் இறக்கிவிட்டான். முதியவர் தோட்டத்தில் வெங்காயத் தறையில் நின்றார். அவளைக் கண்டதும் கையை உதறிக்கொண்டு வந்தார்.

"அந்த அம்மா சொன்னதைச் சொல்ல வந்தனீரோ?"

"இல்லை ஐயா. அதைக் கேளாதையுங்கோ. எனக்குத் தெரிஞ்சதைச் சொல்ல வந்தனான்."

வரம்பிலேயே இருந்து ஜாவ் மாமியைப் பற்றிச் சொன்னாள். இரும்பு உருக்கவென்று வீடுகளிலிருந்த சட்டிபானைகளை வாங்கிக்கொண்டு போனதையும், ஊருக்கெல்லாம் ஒரே குசினி என்று தொடங்கி ஒருநாள் அந்தக் குசினியிலும் புகை நின்றுபோனதையும் சொன்னாள். அதிகாரிகள் விளைச்சலைக் கூட்டிக் கூட்டி எழுதியதால், எழுதிய கணக்குக்கு நெல்லையும் கோதுமையையும் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். களஞ்சியத்தில் தானியம் இருந்தது, கதவில் காவல் இருந்தது. ஊரை விட்டுப் போகவும் விடவில்லை. ஜாவ் மாமிக்கு அப்போது ஏழு வயது. தம்பி செத்ததை வெளியே சொல்லாமல் போர்வைக்குள் வைத்திருந்தார்கள். பங்கீட்டுப் பட்டியலில் பெயரை வெட்டினால் அவனுடைய பங்குக் கஞ்சியும் நின்றுவிடும். அந்தக் கஞ்சியைக் குடித்துத்தான் ஜாவ் மாமி உயிர் தப்பினாள்.

"கதிரிலை நிண்ட பிள்ளையள்?" என்றார் சீவரத்தினம்.

"வேறை வயலிலையிருந்து பிடுங்கிக் கொண்டுவந்து நெருக்கி நட்டு எடுத்த படமாம், ஐயா. படிக்கப் போனபிறகுதான் எனக்கும் தெரியும்."

அவர் எழுந்து நின்று அவளைப் பார்த்துக் கத்தினார். "இதைச் சொல்லவோ இவ்வளவு தூரம் வந்தனீர்? உவர் சொன்ன பொய்யோடை என்னை விட்டிருக்கலாமே! இனி எத்தினை நாளைக்கு நான் இருக்கப் போறன்?"

ஜெசிதாவும் கத்தினாள். "நீங்கள்தானே கேட்டனீங்கள்! நூறு பேருக்கு முன்னாலை எழும்பி நீங்கள்தானே கேட்டனீங்கள்!"

அவர் மூச்சு வாங்கினார். வேலிக்கு அப்பால் ஒரு நாய் குரைத்தது. வரம்பில் திரும்ப உட்கார்ந்துகொண்டு, "எத்தினை பேர்?" என்று கேட்டார்.

"கோடிக் கணக்கிலை. சரியான தொகையிலை இண்டைக்கும் சண்டைதான்."

"தொகையிலை சண்டை." அவர் பல்லைக் கடித்தார். "எல்லா இடத்திலையும் உவங்கள் ஒரே மாதிரித்தான். அடி வாங்கினது நான், பிள்ளை. கோயில் கதவு திறந்தது பொய்யில்லை. ஆனா பட்டினிச் சனத்துக்குக் காட்ட எனக்குப் பொய்ப் படத்தையெல்லோ தந்தவங்கள்." பிறகு சட்டென்று, "வாற ஞாயிறு எங்கடை வாசிகசாலையிலை வந்து இதைக் கதையும்," என்றார். "கதிரை நான் போடுவிக்கிறன்."

அவர் சொன்னபடியே கதிரை போடுவித்தார். பாதிக் கதிரைகள் வெறுமையாக இருந்தன. பழைய கட்சித் தோழர்கள் சிலரும், தோட்டத்துக்குப் போய் வந்த பெண்கள் சிலரும் இருந்தார்கள். கூப்பிடாமலே றொகான் வந்து பின்வரிசையில் இருந்தான். பதாகை இல்லை, மைக் இல்லை. ஜெசிதா ஜாவ் மாமியின் ஊரையும் காவல் போட்ட களஞ்சியத்தையும் பற்றிப் பேசினாள். தம்பியும் போர்வையும் வந்த இடத்தில் குரல் உடைந்தது. அழுகையினால் அல்ல. அவ்வளவு கோபத்தையும் தொண்டை தாங்கவில்லை. ஷென்னைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

பேசி முடிந்ததும் பிரதீபா என்ற இளம் ஆசிரியை எழுந்தாள்.

"அப்ப, அக்கா, சீனாக்காரர் அவ்வளவு கெட்ட சனமோ?"

ஜெசிதா மேசையில் ஓங்கி அடித்தாள். தண்ணீர்ப் போத்தல் உருண்டு விழுந்தது.

"செத்தது ஆர் தங்கச்சி? பிள்ளையைப் போர்வைக்குள்ளை மறைச்சு வைச்ச தாய் ஆர்? அந்தக் கதையை மறக்காமல் எனக்குச் சொன்னது ஆர்? அவையும் சீனாக்காரர்தானே! ஒரு நாட்டைப் பற்றிக் கதைக்க வந்தா, கும்பிடுறதோ துப்புறதோ, இது ரெண்டையும் விட்டா எங்களுக்கு வேறை ஒண்டும் தெரியாதோ?"

தான் கத்தியது கூடிப்போயிற்றோ என்று ஜெசிதா நினைத்தாள். ஆனால் பிரதீபா கதிரையில் இருக்கவில்லை. முகம் சிவந்துபோய், குரலை ஜெசிதாவின் அளவுக்கே உயர்த்திக்கொண்டு, நின்றபடியே அடுத்த கேள்வியைக் கேட்டாள்.

"அப்ப களஞ்சியத்துக்குக் காவல் நிண்டவன் ஆர்? அவனும் அந்த ஊர்க்காரன்தானே? அவனைப் பற்றி ஏன் நீங்கள் ஒண்டும் சொல்லேல்லை?"